கடைசியாகப் பேசுகிறவர்

"கதையைக் கொடுத்தவரே வாயத் தொறக்கலன்னா எப்படி சார்?"

மெரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பினாள். பிரெஞ்சுத் துறைக்குப் புதிதாக வந்தவள். கல்லூரிக் கணினி அறையில் அப்போது அவர்கள் இருவர்தான்.

வாசகர் குழு இப்போது இணையத்தில் நடக்கிறது. பத்திரிகையில் வந்த சின்னக் கதை ஒன்றை யாராவது தட்டச்சு செய்து போடுவார்கள். எல்லாரும் பேசுவார்கள். கதை கொடுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் பேசினால்தான் அடுத்த கதை. கடற்கரைப் பாறைமேல் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்தே இதுதான் வழக்கம்.

"நான் சேர்ந்ததுலேருந்து இதே கதைதான் சார். சுனாமியில புருஷன் திரும்பி வரல, பொண்டாட்டி கதவைத் தாழ் போடாமத் தூங்குறா. நல்ல கதைதான். அதுக்காக இதையே கட்டிக்கிட்டு அழணுமா? கதையைப் போட்ட லூயிஸ் சார் மட்டும் கம்முனு இருக்காரு."

"அவன் அப்படித்தாம்மா. அவசரப்பட மாட்டான்."

"நான் ஒரு கதையை டைப் பண்ணி வச்சிட்டுக் காத்துக் கெடக்கேன். கோபிநாத் சார்கிட்ட கேட்டா, 'லூயிஸ் பேசட்டும், அப்புறம் பாக்கலாம்'ங்கறாரு. ரூல் ரூல்னு உயிரை எடுக்கறாரு. இப்படியே போனா நான் வெலகிக்கறேன் சார்."

தெய்வசிகாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளில் அவரும் கோபிநாத்தும் தொண்டை கட்டும் வரை கத்துவார்கள். லூயிஸ் கடலைப் பார்த்தபடி இருப்பான். இருட்டத் தொடங்கும். கையிலிருக்கும் ரொட்டியை மூன்றாகப் பிய்த்துக் கொடுப்பான். தின்று முடித்த பிறகு ஒரே ஒரு வரி சொல்வான். அதுவரை இவர்கள் பேசியதெல்லாம் வெறும் சத்தமாகிவிடும். "வொய்லா! அவ்வளவுதான்!" என்று பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். அதோடு கூட்டம் முடிந்தது.

"நீங்களாவது சொல்லுங்க சார். அவ ஏன் தாழ் போடல?"

"படிச்சப்போ எனக்கும் புரியல. இப்பதான் கொஞ்சம் புரியுது."

"அப்ப அவர் நம்பரைக் குடுங்க. நானே கேட்டுடறேன்."

தெய்வசிகாமணி கணினியை அணைத்தார்.

"நாளைக்குக் காலைல நானும் கோபிநாத்தும் அவனப் பாக்கத்தான் போறோம். உப்பளம் ஏரியாவுலதான் இருக்கான். நீயும் வாயேன்."

மெரினின் முகம் மலர்ந்துவிட்டது. "வரேன் சார்! பாருங்க, அவரைப் பேச வச்சிட்டுதான் திரும்புவேன். வெறுங்கையோட எப்படிப் போறது? கேக் வாங்கட்டுமா, பழம் வாங்கட்டுமா?"

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெழுகுவத்தி வாங்கிட்டு வாம்மா, போதும்."

சிரிக்கப்போன மெரின், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நாளை கல்லறைத் திருநாள்.