ஒட்டிப் போன நாலாயிரம் வரிகள்

ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததுமே கொள்முதல் பிரிவுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாயிரம் வரிச் சரக்குப் பட்டியல். எல்லாம் இங்கிலீஷ். மருந்துக்குக்கூட ஓர் இடைவெளி கிடையாது. அரை அங்குலப் பித்தளைக் குழாய் வளைவு 'பிராஸ்எல்போஹாஃப்இன்ச்' என்று மூச்சு விடாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வார்த்தையும் பெரிய எழுத்தில் தொடங்குவது ஒன்றுதான் புண்ணியம்.

இரண்டு வருடமாக இப்படித்தான் அடித்துத் தள்ளியிருக்கிறார் ஸ்டோர்கீப்பர். போன மாதம் யாரோ தப்பாகப் படித்து, வேறு சரக்கு லாரி ஏறிப் போய்த் திரும்பி வந்தது. மூன்று மணிக்கு விசாரணை. இன்றோடு அவர் வேலை காலி. தொலையட்டும் என்றிருந்தது அவளுக்கு.

விசாரிக்க வருகிறவர்கள் படிக்க வேண்டுமே! பட்டியலைப் பிரித்துக் கொடு என்று மேனேஜர் அவளை அனுப்பிவிட்டார். அந்தக் கம்பெனியில் எக்செல்லில் ஃபார்முலா போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஸ்டோர்கீப்பர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். நடுவுல ஒரு தட்டு தட்டினா விரல் தேஞ்சா போயிடும்?" என்று எரிந்து விழுந்தாள்.



ஃபார்முலா ஒன்றும் பிரமாதமில்லை. பெரிய 'ஏ' வந்தால் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி சேர். 'பி' வந்தால் அதற்கும். இப்படியே 'இசட்' வரை. மடமடவென்று அடித்தாள். மேற்கோள் குறி போட்டாள். ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

கர்சர் நகரவில்லை.

மறுபடி தட்டினாள். ஓங்கிக் குத்தினாள். ஊஹூம்.

"அது ரெண்டு வருஷமா வேலை செய்யலம்மா. மாத்திக் குடுங்கன்னு மூணு தடவ உங்ககிட்டதானே சீட்டு குடுத்தேன்."

கொடுத்திருந்தார். மூன்று சீட்டிலும் சிவப்பு மையில் 'இருப்பதை வைத்து ஓட்டவும்' என்று எழுதி, தன் டிராயரில் போட்டுப் பூட்டியவள் அவள்தான்.

மூன்று மணிக்கு இந்த மனுஷன் வாயைத் திறந்தால் போகப் போவது யார் வேலை?

ஒரு நிமிஷம்தான் திகைத்தாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; இடைவெளியைத் தட்டாமல் அதற்குரிய எண்ணைக் கொடுத்தாலும் ஃபார்முலா கேட்கும். முப்பத்திரண்டு. அடித்தாள். நாலாயிரம் வரியும் பளிச்சென்று பிரிந்து நின்றன.

கீபோர்டைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள்.

பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து, தன் மேசையில் இருந்த கீபோர்டையே மாட்டிக் கொடுத்தாள். எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தாலும் ஸ்பேஸ் பார் கச்சிதமாக இறங்கி எழுந்தது. புது கீபோர்டு பெற்றுக்கொண்டதாக, அவள் நீட்டிய தேதி போடாத ரசீதில் ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டார். பாவம், நன்றிகூடச் சொன்னார்.

தேதியை மாடியில் தன் மேசைக்குப் போய் அவளே நிரப்பினாள். இரண்டு வருடம் முந்தைய தேதி.