நாலு துளை

மகனோடு மூழ்கிப்போன பாய்மரப் படகைக் கடலடியிலிருந்து தூக்கி வந்து, படகுத் தச்சரான தந்தையே செப்பனிட்டுக்கொண்டிருந்தார். மருமகளும், அவளை மறுமணம் செய்துகொண்ட மகனின் நண்பனும் பட்டறைக்கு வந்தார்கள்.

"பலகை உளுத்துப்போய் படகு மூழ்கலைம்மா," என்றார் அவர். "யாரோ உள்ளேயிருந்து துளை போட்டிருக்காங்க. ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் சுரண்டினப்புறம்தான் தெரிஞ்சுது. நாலு துளை!"

"நாலா?" அவள் முகம் வெளுத்தது. "நல்லா எண்ணிப் பாத்தீங்களா மாமா?"

"ஒவ்வொண்ணா விரலை விட்டே பாத்தேன்."

"இருக்காதே, மூணுதானே..." என்று ஆரம்பித்த புதுக் கணவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

தச்சரின் கையிலிருந்த உளி அப்படியே நின்றது.

அவள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். மாமனார் நிற்பதையும் மறந்து கேட்டாள்:

"அப்போ, நீங்களும் போட்டீங்களா?"