பளிங்கில் கடைசிப் பெயர்

கடற்கரைத் தேவாலயத்தைப் பார்க்க வந்தவரை வாசலிலேயே மறித்தாள் காவல்காரி.

"மூடுற நேரம். சட்டுன்னு பார்த்துட்டுக் கிளம்புங்க."

அவர் பலிபீடத்தையோ வண்ணக் கண்ணாடிகளையோ பார்க்கவில்லை. கடலில் மாண்டவர்களின் பெயர்கள் வெட்டிய பளிங்குக் கல்லுக்கு நேராகப் போய், கடைசிப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"தொடாதீங்க! இப்பதான் துடைச்சேன்."

"இந்தப் பேரை எடுக்கணும். இந்த ஆள் சாகலை."

"ஆயர் ஜெபம் பண்ணி வச்ச கல்லு. கண்டவங்க சொன்னா எடுக்க முடியாது."

"அந்த ஆளே நான்தான்." விரலை எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினார். "என்னைத் தெரியலையா?"

"படியேறும்போதே தெரிஞ்சுது. நீ சாகலைன்னு, வெறும் படகு கரை ஒதுங்குன அன்னைக்கே தெரியும். மீன் பிடிக்கப் போறவன் எவனாவது கல்யாண ஷூவை எடுத்துட்டுப் போவானா?"

"அப்புறம் ஏன் கல்லுல..."

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா ஊரே சிரிக்கும். கடல்ல செத்தவன் பொண்டாட்டின்னாதான் இங்க வேலை குடுப்பாங்க. பேரை வெட்டச் சொன்னதே நான்தான்."

கல்லிலேயே இருந்த அவர் விரலைச் சாவிக்கொத்தால் தட்டிவிட்டாள்.

"என் புருஷன் பேர் மேலேர்ந்து கையை எடுங்க, சார். பூட்டணும்."