ஓடுது, நன்றி

ஈரக் கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கைரேகை பதியவில்லை. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

தம்பிதான்.

“இதுவும் புதுசுல ஓடல. மாத்தித் தர முடியுமா?”

அதற்குக் கீழே ஒரு சின்ன ஃபங்ஷன், கணினிக்கு எழுதிய சில வரிக் கட்டளைகள். முன்னே ‘அக்கா’ இல்லை, பின்னே ‘எப்படி இருக்கிறாய்’ இல்லை. மொட்டையாக அவ்வளவுதான்.

குழாயை அரைகுறையாகத் திருகிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

புதுக் கணினி வாங்கியதும் அவன் ஷெல்லை மாற்றிவிட்டான். கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறதே, அது. பழையதன் பெயர் பேஷ், புதியதன் பெயர் ஃபிஷ். இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆனால் ஒன்றிடம் பேசுவதுபோல் இன்னொன்றிடம் பேச முடியாது. பழையதற்கு எழுதிவைத்ததை வரிவரியாக மாற்றி எழுத வேண்டும்.

பேஷ் பேஷ் என்று இருந்தவன் ஏன்டா மீன் பிடிக்கப் போனாய் என்று முதல் தடவையே கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அவனைக் கேலி செய்யும் உரிமை இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. வீட்டிலிருந்தேதான் வேலை. சர்வர் நன்றாக இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டால் அது நன்றாகத்தான் இருக்கும். அந்த வாரம் முழுக்க அவளிடம் வாய்விட்டுப் பேசியது லிஃப்ட் ஒன்றுதான். கதவு மூடுகிறது என்றது.

அப்பா போன அன்று தம்பி விமானத்தில் இருந்தான். இனி இயந்திரத்தில் வைத்திருப்பது வெறும் வேதனை என்று டாக்டர் சொன்னார். அவள் அவனுக்கு அடித்துப் பார்த்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். போன் அணைந்திருந்தது. கடைசியில் தானே தலையாட்டினாள்.

மருத்துவமனை வாசலில் பெட்டியும் கையுமாக வந்து நின்றவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“எனக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?”

கூப்பிட்டேன்டா என்று சொல்லியிருக்கலாம். அப்பாவை உள்ளே கிடத்திவிட்டு வெளியே நின்று நியாயம் பேசுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை. பேச்சு நின்றுபோனது.

அப்படியே கிடந்த எண்ணிலிருந்துதான் இந்த மழைக்காலத்தில் முதல் ஃபங்ஷன் வந்து விழுந்தது. அவள் அதை ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்து மாற்றினாள், பத்து விதமாக ஓட்டிப் பார்த்தாள், அனுப்பினாள். “ஓடுது. நன்றி” என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன.

அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவளாகத்தான் மோந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். படங்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைக்கும் ஃபங்ஷன் ஒன்று வந்தது. யாரை இவ்வளவு படம் எடுக்கிறான்? பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நேரம் பார்த்து அணைக்கும் ஃபங்ஷன் இன்னொன்று. அப்படியென்றால் தூக்கம் வருவதில்லை.

இன்றைக்கு வந்திருப்பது, தனி டிஸ்க் ஒன்றைச் செருகியதும் எல்லாவற்றையும் அதற்குள் நகல் எடுப்பது. எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறான்?

மாற்ற ஆரம்பித்தாள். கடைசிக் கட்டளை உருப்பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பழையதில் ஒரு கேள்விக்குறி போதும். புதியதில் ஸ்டேட்டஸ் என்று முழுசாக எழுத வேண்டும். பழையதில் இஃப் என்று திறந்ததை அதே எழுத்தைத் திருப்பிப் போட்டு மூடுவார்கள். புதியதில் எதைத் திறந்தாலும் எண்ட் என்றுதான் மூட வேண்டும். அவளுக்கு இதெல்லாம் இப்போது கை போன போக்கில் வந்தது. மாற்றுவதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். முடிந்துவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சமையலறையில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது.

தொட்டி நிரம்பிவிட்டது! அவசரமாக அனுப்பும் பொத்தானைத் தட்டிவிட்டு ஓடினாள். குழாயை மூடி, அடைத்துக்கொண்டிருந்த கரண்டியை எடுத்துவிட்டு, தரையை ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்தாள்.

துணியும் கையுமாகத் திரும்பி வந்தவள் பழக்க தோஷத்தில் அனுப்பியதை ஒருமுறை வாசித்தாள்.

கடைசி எண்ட் இல்லை.

இஃப்-ஐ மூடியிருந்தாள். ஃபங்ஷனை மூடவில்லை. ஓட்டிப் பார்க்காமல் அனுப்பினால் இப்படித்தான். எண்ட் எங்கே என்று கேட்டுவிட்டு ஷெல் அதைத் தொடவே தொடாது. ஒரு எழுத்துகூட நகலாகாது. வெட்கத்தில் காது சூடாகியது. “ஸாரி, கடைசியில ஒரு எண்ட் விட்டுப்போச்சு, இத போட்டுக்கோ” என்று வேகமாகத் தட்டினாள்.

அனுப்புவதற்குள் அவன் பதில் வந்துவிட்டது.

“ஓடுது. நன்றி. இன்னொண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?”

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்குக் கீழேயும் “ஓடுது. நன்றி.” ஒவ்வொன்றும் அவள் அனுப்பிய கையோடு வந்தது. ஒருவர் அதை எடுத்து ஒட்டி, சேமித்து, ஓட்டிப் பார்க்கும் அவகாசம் எதிலுமே இல்லை.

தட்டிவைத்திருந்த திருத்தத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

பிறகு எழுதினாள்:

“அனுப்பு. இந்தத் தடவை கொஞ்சம் பெருசா அனுப்பு.”