ஏழு போன வழி

மாலை நாலு முப்பத்தைந்துக்கு அவள் மூன்றாவது முறையாகச் சைக்கிளைத் தோளில் தூக்கினாள். முன்னால் போன கணவன் திரும்பிப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருநூறு மீட்டர்தான்."

"இதையேதான் ஓடையிலயும் சொன்னீங்க."

ஓடையில் முழங்கால் வரை நனைந்திருந்தார்கள். கல்லெறி தூரத்தில் மரப்பாலம் இருந்தது. போனில் ஓடிய நீலக் கோடு பாலத்தைச் சட்டை செய்யாமல் தண்ணீருக்குள் இறங்கி அக்கரை ஏறியிருந்தது. கோட்டை விட்டு ஓரடி விலகக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டான்.

முதல் ஒன்பது கிலோமீட்டர் நன்றாகத்தான் இருந்தது. மலையை வளைத்துக் காட்டுக்குள் ஏறும் சரளைச் சாலை, டயருக்கென்றே சலித்துக் கொட்டியது போன்ற பொடிக்கல். பிறகு கோடு சாலையை விட்டுப் புதருக்குள் நுழைந்தது. அதற்கப்புறம் அவர்கள் சைக்கிள் மேல் ஏறவில்லை. சைக்கிள்தான் அவர்கள் மேல் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்தில் அறுபது பேர் கிளம்புகிறார்கள். வழி குறித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. போன முறை அவன் குறித்த வழி, பூட்டிய கல்குவாரி கேட்டில் போய் முடிந்தது. இந்த முறையும் சொதப்பினால் பொறுப்பு பல் டாக்டருக்குப் போய்விடும். இன்று ஆறு மணிக்குள் வழியை அனுப்பியாக வேண்டும்.

"பல் டாக்டர்கிட்டயே விட்டுடுங்க. அவராவது வலிக்காமக் கூட்டிட்டுப் போவாரு."

"அவன் தார் ரோட்டைத் தாண்ட மாட்டான். இது யாரும் போகாத வழி."

"ஏன் போகலன்னு இப்பதான் தெரியுது."

செயினில் கொடி சிக்கியது. அவள் உட்கார்ந்து பிய்த்தாள். முழங்கையில் முள் கீறி ரத்தம் கோடு போட்டிருந்தது.

"யாரு போட்ட வழி இது?"

"ஃபாரஸ்ட் ரோந்து வழி. உன் தம்பி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு."

அவள் தம்பிக்கு வனத்துறை அலுவலகத்தில் வேலை. போன வாரம் இருவரும் அவன் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் இருந்துச்சு. ஏழுதான் நல்லா வளைஞ்சு வளைஞ்சு போச்சு. எடுத்துக்கிட்டேன்."

"ஏழுன்னா?"

"காவலாளியோட நம்பரா இருக்கும்."

"இருக்குமா? அவன்கிட்ட கேக்கலியா?"

"அவன் குளிச்சிட்டு இருந்தான்."

அவள் கொடியின் கடைசி இழையைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

இருநூறு மீட்டர் முடிந்த இடத்தில் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அடியில் இருட்டாக ஓர் இடுக்கு. கோடு அங்கே அவிழாத நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது.

"வழி எங்க?"

"பாக்கறேன்."

"கொடுங்க இப்படி."

போனைப் பிடுங்கி விரலால் பெரிதாக்கினாள். கோடு நெடுகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் குறித்திருந்தது.

"காலைல ஆறு மணிக்கு இங்க வந்திருக்கான். சாயந்தரம் அஞ்சுக்குத்தான் கிளம்புறான். மறுநாளும் அப்படியே. பத்து நாளா இங்கயே படுத்துத் தூங்கியிருக்கான்."

"ராத்திரி ரோந்து போறவன் பகல்ல தூங்கத்தான் செய்வான்."

"வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டானா?"

"வீட்டுல பொண்டாட்டி இருப்பா."

அவள் சிரிக்கவில்லை. சைக்கிளைப் பாறையில் சாத்தினாள். அது வழுக்கி மணியடித்துக்கொண்டு விழுந்தது. இருவருமே தூக்கப் போகவில்லை.

"என்ன நாத்தம் இது?"

"ஓடையில நனைஞ்ச சாக்ஸ்தான்."

போன் ஒருமுறை ஒலித்தது. சங்கத்திலிருந்து செய்தி: வழி தயாரா? இல்லையென்றால் பல் டாக்டர் ஒன்று வைத்திருக்கிறாராம்.

அவன் பாறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அந்த மேட்டில் சிக்னல் இருந்தது. அவள் தம்பியைக் கூப்பிட்டாள். கணவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், உங்க ஆபீஸ்ல ஏழுன்னு ஒருத்தன் இருக்கானே, முதல்ல அவனை வேலையை விட்டுத் தூக்கு."

"எந்த ஏழுக்கா?"

"உங்க மாமா உன் கம்ப்யூட்டர்லேர்ந்து சுட்ட ஏழு. பாலம் இருக்கு, தண்ணியில இறங்குறான். ரோடு இருக்கு, முள்ளுக்குள்ள நுழையுறான். பகல் முழுக்கப் பாறைக்கடியில தூங்குறான். இதெல்லாம் ஒரு பொழப்பா? இந்த ஆளை நம்பி நாங்க சைக்கிளைச் சுமந்துக்கிட்டு அவன் படுக்கை முன்னாடி வந்து நிக்கிறோம்."

மறுமுனையில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல் ரகசியம் போலத் தாழ்ந்தது.

"அக்கா, சத்தம் போடாத. ஏழு ஆளு இல்ல, நாங்க கழுத்துல ஜி.பி.எஸ். பட்டை கட்டி விட்ட சிறுத்தை. அங்க குட்டி போட்டிருக்கு. மணி அஞ்சாயிடுச்சா?"