பத்தொன்பது இன்ச்

சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

விரல் முட்டியால், மெதுவாக. காது கொடுத்துக் கேட்டான். கறுப்புச் சக்கரம். நடுவில் ஐந்து மெல்லிய கம்பிகள்.

அவன் மனைவி டயர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம்.

“பத்தொன்பது இன்ச்தான். ஆனா போன செட்டை விட லேசு,” என்றான் அவளிடம்.

அவள் பதில் சொல்லவில்லை.

ஒன்பது நாட்களாகவே சொல்லவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்பதும் தெரியவில்லை.

ஒன்பது நாட்களுக்கு முன், ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பல்லடம் சாலையில் ஒரு குழி.

வேகமாகத்தான் வந்தான். வண்டி அப்படிப்பட்டது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மிதித்தால் பறக்கும். டயரில் ரப்பர் நான்கு விரல் உயரம்தான்.

விழுந்த இடி அவள் இடுப்பெலும்பு வரை ஏறியது.

வண்டி நின்றது. அவன் இறங்கினான். சுற்றி வந்தான். அவள் பக்கத்துச் சக்கரத்தின் முன் மண்டியிட்டான்.

அவள் உள்ளே வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். அசைவு இல்லை.

காத்திருந்தாள்.

கண்ணாடி வழியாக அவன் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. பிறகு முகம் நிமிர்ந்தது.

“ரிம் போச்சு,” என்றான்.

குழந்தை அசைய இன்னும் பத்து நிமிடம் ஆனது. மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லையை அவன் எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொண்டான்.

கடைக்காரர் சென்னியப்பன் மற்ற டயர்களைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஒண்ணை மட்டும் மாத்த முடியாதுங்க தம்பி. மத்த மூணும் தேஞ்சிருக்குது. நாலு சக்கரத்துக்கும் இழுவை போற வண்டி. சுத்தளவு கொஞ்சம் மாறினாலும் உள்ளுக்குள்ள ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். வெளிய சத்தமே வராது. ஒரு நாளைக்குக் கியர்பெட்டி போயிரும்.”

“அப்ப நாலையும் மாத்திருவோம்.”

“அந்த டிசைன் ரிம்மும் இப்ப வர்றதில்லைங்க. எப்படியும் புது செட்டுதான். அதான் கேக்கறேன், பதினேழுக்கு எறங்கிக்கலாமுங்களா? கம்பெனியில இருந்து வந்தப்ப அதுதான இருந்துச்சு. ரப்பர் ஒசரம் கூட வரும். இந்த அளவுக்குக் குலுங்காது.”

குலுங்காது என்றபோது அவர் அவள் பக்கம் பார்த்தார். ஒரு கணம்தான்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

புதன்கிழமை வளைகாப்பு. முடிந்ததும் உடுமலையில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். எழுபது கிலோமீட்டர். இந்த வண்டியில் இவன்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது அவள்தான்.

பதினேழு என்று அவன் சொல்ல வேண்டும். அவள் கேட்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இந்த ஒன்பது நாளையும் இந்தக் கடையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அவன் பதினேழு இன்ச் சக்கரத்தைப் பார்த்தான். வெள்ளி நிறம். சாதாரணமாக இருந்தது.

“இதைப் போட்டா புள்ளகுட்டிக்காரன் வண்டி மாதிரி ஆயிருமேண்ணா.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் சிரித்தான். அவளைப் பார்த்தும் சிரித்தான்.

“புதன்கிழமை உங்க சொந்தமெல்லாம் பாப்பாங்கல்ல.”

கறுப்புச் சக்கரத்தை இரண்டு கைகளாலும் தூக்கினான். எவ்வளவு லேசு என்று அவளுக்குக் காட்டினான்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். அண்ணனை அழைத்தாள்.

“அண்ணா. புதன்கிழமை விசேஷம் முடிஞ்சதும் நீயே என்னைக் கூட்டிட்டுப் போயிரு.”

அண்ணன் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன். அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மாப்ள வண்டி இருக்குதே கண்ணு. எங்கிட்ட கோழித்தீவனம் ஏத்தற வண்டிதான இருக்குது. தவிட்டு வாசம் தூக்குமே.”

“தூக்கட்டும். நீ மெதுவா ஓட்டுவே. அது போதும்.”

அண்ணன் இன்னும் ஒன்று கேட்டான்.

“திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்காவது மாப்ள வருவாரல்ல?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

எழுந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து, தானாகவே எழுந்தாள். வெளியே போய் வெயிலில் ஆட்டோவுக்காக நின்றாள்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

“எதை எடுக்கட்டுங்க தம்பி?”

சக்கரம் இன்னும் அவன் கைகளில் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினான்.

தரை முழுவதும் இடம் இருந்தது.