கட்டு முழுக்கக் கேள்வி

பிரேக் இன்ஸ்பெக்டர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு அட்டைதான் காட்டினார். நர்ஸ் வேதாவுக்கு மட்டும் கட்டு முழுக்க!

அப்படி என்ன கோவம் அந்தம்மா மேல? எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருந்தது.

எண்பத்து மூணாம் வருஷம், வேங்கிக்கால் மைதானத்துல லைசன்ஸ் டெஸ்ட். வண்டி ஓட்டிக் காட்டியாச்சு. பாக்கி, ரோட்டு எச்சரிக்கைப் படங்கள்தான்.

எனக்கு முன்னால நின்ன பலராமன்கிட்ட ஒரு அட்டையை நீட்டினார். முக்கோணத்துக்குள்ள மாடு.

"இது என்னய்யா?"

"மாட்டாஸ்பத்திரிங்க!"

"நாசமாப் போச்சு. ரோட்டுல மாடு குறுக்க வரும், மெதுவா போன்னு அர்த்தம். சரி, பாஸ். போ."

எனக்கும் ஒண்ணுதான். பாஸ்.

அடுத்து வேதா. அடி அண்ணாமலை கிராமத்து நர்சம்மா. பிரசவம்னு ஆள் வந்தா எந்நேரமும் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு ஓடுற மனுஷி. இன்னைக்கு லைசன்ஸ் கிடைச்சாத்தான் ஆபீஸ்ல மொபெட் குடுப்பாங்க. இல்லன்னா வண்டி கீழ்பென்னாத்தூர் நர்சுக்குப் போயிடும்.

"இது?"

"குறுகலான பாலம்ங்க."

"சத்தமா சொல்லும்மா, எல்லாருக்கும் கேக்கணும்! இது?"

"முன்னால பள்ளிக்கூடம்ங்க."

"இது?"

"ரவுண்டானாங்க."

"எந்தப் பக்கமா சுத்துவே?"

"கிரிவலம் போற மாதிரிங்க. மலை நமக்கு வலது கைப்பக்கமே இருக்கும்ல, அப்படி."

கூட்டம் சிரிச்சுது. அவர் சிரிக்கல. அடுத்த அட்டையை உருவினார். நர்சம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் அருணகிரி பொறுக்கமாட்டாம கத்தினார். "ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, என் பொண்டாட்டிக்கு மட்டும் இவ்ளோவா? நியாயமா சார்?"

"அப்படிக் கேளுங்க!"ன்னு நாங்களும் சேர்ந்துக்கிட்டோம்.

இன்ஸ்பெக்டர் காதுலயே போட்டுக்கல. கட்டு தீர்ந்தப்புறம்தான், "ஒண்ணுகூடத் தப்பில்ல. பாஸ்"னு கையெழுத்துப் போட்டார்.

வேதா சந்தோஷத்துல அழுதே விட்டாங்க. அருணகிரி எங்க எல்லாருக்கும் சோடா உடைக்கச் சொன்னார்.

எனக்கு மட்டும் மனசு ஆறல. ஜீப்புல ஏறப்போன இன்ஸ்பெக்டரை மறிச்சேன்.

"ஏன் சார் அந்தம்மாவை அந்தப் பாடு படுத்தினீங்க?"

"ஒரே கேள்வியில பாஸ் போட்டா, ஆளைப் பாத்துப் போட்டேன்னு மேலிடத்துக்கு மொட்டைப் பெட்டிஷன் போகும்யா. இப்போ ஊரே சாட்சி. எவனும் வாயைத் தொறக்க முடியாது."

"அந்தம்மா மேல யாரு சார் பெட்டிஷன் போடப் போறாங்க?"

"'பொம்பளை வண்டியில ஊர் சுத்தினா என் மானம் போயிடும், பெயில் போட்டுடுங்க சார்'னு காலையில என் வீட்டு வாசல்ல வந்து கெஞ்சினவரு" என்றார். "அதோ, உங்களுக்கெல்லாம் சோடா வாங்கித் தர்றாரே, அவருதான்."